ஏர்வாடித் தீ: சங்கிலிக்கு முன்னும் பின்னும்

2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி விடியற்காலை ஐந்து மணியளவில், இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், தனியார் ஒருவர் நடத்திவந்த மனநலக் காப்பகத்தின் கொட்டகையில் தீப்பற்றியது. அங்கே நாற்பதுக்கும் மேற்பட்ட மனநோயாளிகள் தங்கியிருந்தனர். இரவில் அவர்களை இரும்புச் சங்கிலியால் கட்டிலோடு பிணைத்து வைப்பது அந்தக் காப்பகத்தில் அன்றாட நடைமுறை. சங்கிலி சற்றுத் தளர்வாக இருந்த சிலர் கழற்றிக்கொண்டு ஓடித் தப்பினர், மற்றவர்களால் முடியவில்லை. 25 பேர் அந்த இடத்திலேயே கருகி மாண்டனர். பின்னர் தீக்காயங்களால் இறந்தவர்களையும் சேர்த்தால் பலி எண்ணிக்கை 28. உடல்கள் அடையாளம் காண முடியாத அளவுக்கு எரிந்திருந்ததால், எந்த உடல் யாருடைய மகன், யாருடைய தங்கை என்று சொல்லக்கூட வழியில்லாமல் போயிற்று.

தீ எப்படிப் பிடித்தது என்ற கேள்வியைவிட, பிடித்த பிறகு ஏன் ஓட முடியவில்லை என்ற கேள்விதான் இந்த நிகழ்வின் மையம். கொட்டகையில் நெருப்புப் பட்டால் உள்ளே இருப்பவர் தப்பிக்க ஓரிரு நிமிடங்களே கிடைக்கும். கால் கட்டப்படாத ஒருவருக்கு அந்த நேரம் போதும். ஆகவே இறந்தவர்களில் பெரும்பாலோரைக் கொன்றது தீ என்று எழுதுவதைவிட, பூட்டு என்று எழுதுவதே நேர்மையானது. அந்தப் பூட்டைப் போட்டவர் ஒருவர்தானா, அது போடப்படும் நிலைக்கு ஒரு மனிதரைக் கொண்டுவந்து விட்டவர்கள் எத்தனை பேர் என்பதைத்தான் இங்கே ஆராய விரும்புகிறேன்.

ஏர்வாடிக்கு ஏன் வந்தார்கள்

கீழக்கரைக்கு அருகில் உள்ள ஏர்வாடி, சுல்தான் சையது இப்ராகிம் ஷஹீத் பாதுஷா அவர்களின் தர்காவால் அறியப்பட்ட ஊர். சந்தனக்கூடு விழாவுக்கு எல்லாச் சமயத்தாரும் வருவதுபோல, மனநோய்க்கு நிவாரணம் தேடியும் எல்லாச் சமயத்தாரும் அங்கே வருவதுண்டு. தர்காவின் புனித நீரும், அங்கே எரியும் விளக்கின் எண்ணெயும் நோயைத் தீர்க்கும் என்பது நம்பிக்கை. குணமாகிவிட்டது, வீடு திரும்பலாம் என்ற உத்தரவு நோயாளியின் கனவில் வரும் என்றும், அது வரும்வரை காத்திருக்க வேண்டும் என்றும் சொல்லப்பட்டது. உத்தரவு சிலருக்கு இரண்டு மாதத்தில் வந்தது. சிலர் ஆண்டுக்கணக்கில் காத்துக் கிடந்தனர்.

காப்பகங்கள் முளைத்தது இந்தக் காத்திருப்பில்தான். ஒரு விவசாயக் கூலியோ சிறு கடைக்காரரோ மகனை அழைத்துக்கொண்டு வந்து ஒரு வாரம், ஒரு மாதம் உடன் தங்கலாம். அதற்குமேல் ஊரில் இருக்கும் மற்றப் பிள்ளைகளுக்கு யார் சோறு போடுவது? அறுவடை நேரத்தில் யார் வயலில் நிற்பது? அப்போது, “நீங்கள் போய்விட்டு வாருங்கள், மாதம் இவ்வளவு அனுப்புங்கள், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்” என்று சொல்ல ஒருவர் முன்வந்தால், அந்தச் சொல் ஆறுதலாகத்தான் இருந்திருக்கும். அப்படி முன்வந்து காப்பகம் நடத்தியவர்களில் பெரும்பாலோர், தங்கள் உறவினருக்குக் குணம் தேடி ஏர்வாடிக்கு வந்து அங்கேயே தங்கிவிட்டவர்கள். அதே துயரத்தோடு வந்து, அதே வாசலில் காத்திருந்து, பிறகு மற்றவர்களின் நோயாளிகளையும் பார்த்துக்கொள்வதைப் பிழைப்பாக்கிக் கொண்டார்கள். இந்தச் செய்தியை நான் முதன்முதலில் அறிந்தபோது அதைக் கடந்து செல்ல நெடுநேரம் ஆயிற்று. வெளியிலிருந்து வந்த கொடியவர்களின் கதையாக இது இருந்திருந்தால் நம் மனத்துக்கு எளிதாக இருந்திருக்கும்.

பயிற்சியில்லாத ஒருவர், மருந்து இல்லாமல், மருத்துவர் இல்லாமல், நாற்பது மனநோயாளிகளை எப்படிப் பார்த்துக்கொள்வார்? பகலில் தடித்த கயிற்றால் மரத்தில் கட்டினார்கள். இரவில் சங்கிலியால் கட்டிலில் பூட்டினார்கள். கயிறும் சங்கிலியும் ஆட்களுக்குப் பதிலாக வந்தவை. பத்துப் பேர் கண்காணிக்க வேண்டிய இடத்தில் ஒருவர் இருக்கும்போது, மற்ற ஒன்பது பேரின் வேலையை இரும்பு செய்கிறது. இதை எழுதுவதால் அந்தக் காப்பகத்தாரின் குற்றம் சிறிதும் குறைவதில்லை. தூங்குகிறவனைப் பூட்டிவிட்டுச் செல்கிறவருக்கு, விடியும்வரை அவன் உயிருக்கு முழுப் பொறுப்பு உண்டு. ஆனால், அந்த மற்ற ஒன்பது பேர் எங்கே போனார்கள் என்ற கேள்வியும் அதே அளவு கடுமையானது.

மருத்துவமனை இருந்தும் ஏன் போகவில்லை

இந்த நிகழ்வைப் பற்றிப் பேசுவோர், “இத்தனை பெரிய அரசு மனநல மருத்துவமனை இருக்கும்போது, படிப்பறிவில்லாத ஜனங்கள் தர்காவுக்கும் கோயிலுக்கும் ஓடுகிறார்கள்” என்று சொல்லி நிறுத்திவிடுவதை நிறையக் கேட்டிருக்கிறேன். சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் உள்ள அரசு மனநலக் காப்பகம் 1794இல் தொடங்கப்பட்ட நிறுவனத்தின் தொடர்ச்சி; நாட்டின் மிகப் பழைய மனநல மருத்துவமனைகளில் ஒன்று. ஆனால் ஏர்வாடியிலிருந்து சென்னை 500 கிலோமீட்டருக்கும் மேல். கொந்தளிப்பில் இருக்கும் ஒரு இளைஞனை, இரவு முழுவதும் ஓடும் பேருந்தில், பக்கத்து இருக்கைக்காரர்களின் முறைப்புக்கு நடுவே, இரண்டு பேர் கையைப் பிடித்துக்கொண்டு அழைத்துச் செல்வதை ஒருமுறை நினைத்துப் பார்க்க வேண்டும். அதோடு “கீழ்ப்பாக்கம்” என்ற ஊர்ப்பெயரையே நாம் வசைச்சொல்லாக்கி வைத்திருந்தோம். சினிமாவில் சிரிப்பை வரவழைக்க அந்த ஒரு சொல் போதுமானதாக இருந்தது. பெயரைச் சொன்னாலே ஊர் சிரிக்கும் இடத்துக்கு, கல்யாண வயதில் தங்கை இருக்கும் வீட்டார் அண்ணனை அழைத்துச் செல்வார்களா? தர்காவுக்குப் போகிறோம் என்றால் யாரும் சிரிக்கமாட்டார்கள். நேர்ச்சைக்குப் போகிறவர்களுக்கு மரியாதை உண்டு. அந்த மரியாதையைத் தேடித்தான் பாதிக் குடும்பங்கள் அங்கே போயின என்பது என் கருத்து.

மருத்துவமனைகளின் நிலையும் குடும்பங்களை ஈர்ப்பதாக இல்லை. தேசிய மனித உரிமை ஆணையம், பெங்களூருவில் உள்ள தேசிய மனநல, நரம்பியல் நிறுவனமான நிம்ஹான்ஸோடு சேர்ந்து நாட்டின் 37 அரசு மனநல மருத்துவமனைகளை ஆராய்ந்து 1999இல் வெளியிட்ட அறிக்கை, அவற்றில் பல சிறைச்சாலையின் அமைப்பிலும் மனப்பான்மையிலும் இயங்கியதைப் பதிவு செய்தது. ஏர்வாடித் தீக்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே இந்த அறிக்கை அரசுகளின் மேசையில் இருந்தது. உயர்ந்த மதில், கம்பிக் கதவு, கூட்டமான கூடம், பார்க்க வராத உறவினர் என்று சங்கிலியின் வேறு வடிவங்கள் அரசுக் கட்டடங்களுக்குள்ளும் இருந்தன.

சட்டமும் இருந்தது. 1912ஆம் ஆண்டின் பித்தர் சட்டத்துக்கு மாற்றாக 1987இல் மனநலச் சட்டம் இயற்றப்பட்டு, 1993 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. அதன்படி மனநோயாளிகளைத் தங்கவைத்துச் சிகிச்சை தரும் எந்தத் தனியார் இடமும் உரிமம் பெற்றிருக்க வேண்டும். அரசு ஆய்வு செய்திருக்க வேண்டும். ஏர்வாடிக் காப்பகங்கள் யாரும் அறியாத மூலையில் ஒளிந்திருந்தவை அல்ல. ஆண்டுதோறும் பல்லாயிரம் பேர் வந்துபோகும் தலத்தின் தெருக்களில், எல்லார் கண்ணிலும் படும்படி, மரத்தடியில் மனிதர்கள் கட்டப்பட்டிருந்தார்கள். வழிபட வந்தவர்கள் பார்த்தார்கள். கடை வைத்திருந்தவர்கள் பார்த்தார்கள். அதிகாரிகளும் அந்தத் தெருக்களில் நடந்தவர்கள்தாம். தினம் பார்க்கும் காட்சி மெல்ல மெல்லக் கண்ணுக்குப் படாமலே போய்விடுகிறது. இது ஏர்வாடி மக்களுக்கு மட்டும் உரிய குறை என்று நினைக்க எனக்கு எந்த நியாயமும் தெரியவில்லை; நம் ஒவ்வொரு பேருந்து நிலையத்திலும் அழுக்கு மூட்டையோடு தனக்குள் பேசிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஒருவரை நாமும் அப்படித்தான் கடந்து போகிறோம்.

தீக்குப் பிறகு நடந்தவை

அடுத்த ஒரே வாரத்தில், ஆகஸ்ட் 13ஆம் தேதி, இத்தகைய காப்பகங்கள் அனைத்தும் மூடப்பட்டன. 500க்கும் மேற்பட்டோர் அரசின் பொறுப்பில் கொண்டுவரப்பட்டனர். செய்தியைப் படித்த உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை எடுத்துக்கொண்டது. “தமிழ்நாட்டுக் காப்பகத் தீயில் சங்கிலியிடப்பட்ட 25 பேர் இறந்தது குறித்து” என்ற தலைப்பிலேயே அந்த வழக்கு இன்றும் சட்ட ஏடுகளில் நிற்கிறது. என். ராமதாஸ் தலைமையிலான விசாரணை ஆணையம், காப்பகம் நடத்த விரும்பும் எவரும் உரிமம் பெற வேண்டும் என்றும், தங்கியிருப்போர் அனைவரின் சங்கிலியும் அகற்றப்பட வேண்டும் என்றும் பரிந்துரைத்தது. 2007இல் காப்பக உரிமையாளருக்கும் அவர் மனைவிக்கும் உறவினர் இருவருக்கும் ஏழாண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது.

2002 பிப்ரவரி 5ஆம் தேதி உச்ச நீதிமன்றம் பிறப்பித்த ஆணை இந்தியா முழுவதற்குமானது. ஒவ்வொரு மாநிலமும் மாவட்டவாரியாகப் பதிவு பெற்ற, பெறாத மனநலக் காப்பகங்கள் அனைத்தையும் கணக்கெடுக்க வேண்டும். தரக்குறைவானவற்றை மூட வேண்டும். மாநிலத்துக்கு ஒரு அரசு மனநல மருத்துவமனையாவது இருக்க வேண்டும். மனநோயாளியைச் சங்கிலியால் கட்டுவது சட்டவிரோதம் என்பதையும், அவரை மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும் என்பதையும் கிராமப்புறங்களில் பரவலாக அறிவிக்க வேண்டும் என்றது அந்த ஆணை. இவற்றில் கடைசி அறிவுறுத்தலைத்தான் நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன், ஏனென்றால் கட்டப்பட்டவர்கள் காப்பகங்களில் மட்டும் இல்லை. வீடுகளின் பின்கட்டிலும் இருந்தார்கள்.

காப்பகங்களை மூடியது தேவையான நடவடிக்கை. ஆனால் மூடுவதற்கு ஒரு வாரம் போதுமானதாக இருந்தது. மூடப்பட்ட இடத்திலிருந்து வெளியே வந்தவர் வாழ்வதற்கான ஏற்பாட்டைச் செய்ய இருபதாண்டுகள் கழிந்தும் நமக்கு நேரம் போதவில்லை. சிலரை உறவினர் வந்து அழைத்துச் சென்றனர். சிலர் மருத்துவமனைக்கு மாற்றப்பட்டனர். அழைத்துச் சென்ற வீட்டாருக்கு மட்டும், மகனை ஏர்வாடியில் கொண்டுபோய் விட்ட நாளில் இருந்த அதே வறுமையும், அதே தனிமையும், அதே ஊர்ப்பேச்சும் அப்படியே இருந்தன. கூடுதலாக ஒரு குற்ற உணர்வும் சேர்ந்திருந்தது.

நம்பிக்கையின் இடம்

தீக்குப் பிறகு எழுந்த விவாதம் பெரும்பாலும் “மருத்துவமா, மூடநம்பிக்கையா” என்று இரண்டு கட்சியாகப் பிரிந்தது. இந்தப் பிரிவு நோயாளிக்கு உதவவில்லை. தீ நடந்ததற்கு முந்தைய ஆண்டில், தமிழகத்தின் வேலாயுதம்பாளையம்புதூர் முத்துசாமி கோயிலில் தங்கியிருந்த 31 மனநோயாளிகளை, அவர்கள் அங்கே வந்தபோதும் கிளம்பும்போதும், நிம்ஹான்ஸ் ஆய்வாளர்கள் முறையாக மதிப்பிட்டனர். அவர்களில் 23 பேருக்கு மனச்சிதைவு நோய் (ஸ்கிசோஃப்ரினியா) இருந்தது. சராசரியாக ஆறு வாரங்கள் தங்கியபின், நோய்க்குறிகளின் அளவு ஏறத்தாழ 20 சதவீதம் குறைந்திருந்தது. பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் 2002இல் இந்த ஆய்வு வெளியானது. அந்தக் கோயிலில் சிறப்பு மந்திரமோ சடங்கோ ஏதும் செய்யப்படவில்லை. உடன் ஒரு உறவினர் தங்கினார். நோயாளி கோயில் வேலையில், செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது, இடத்தைச் சுத்தம் செய்வது போன்ற எளிய பணிகளில் பங்கெடுத்தார். அவரை யாரும் துரத்தவில்லை.

31 பேரை வைத்து நடந்த ஒரு சிறிய ஆய்வு மருந்து வேண்டாம் என்று சொல்வதற்கு ஆதாரமாகாது. அப்படிச் சொல்பவர்களை நான் கடுமையாக மறுப்பேன். குரல்கள் கேட்டு நடுங்கும் ஒருவரை மருந்தில்லாமல் வைத்திருப்பது அவரை வலியில் வைத்திருப்பதற்குச் சமம். ஆனால் கோயில் கொடுத்தது என்ன, ஏர்வாடிக் காப்பகம் கொடுக்கத் தவறியது என்ன என்பதை இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் புரிகிறது. இரண்டிலும் நம்பிக்கை இருந்தது. ஒன்றில் உறவினர் கூடவே இருந்தார், நோயாளிக்குச் செய்ய ஒரு வேலை இருந்தது. மற்றொன்றில் உறவினர் பணம் அனுப்பினார், நோயாளிக்குச் செய்ய எதுவுமே இருக்கவில்லை.

நோயாளியோடு வீட்டாரும் தங்குவது என்ற வழியை 1950களிலேயே சில மருத்துவர்கள் கண்டிருந்தார்கள். அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் டாக்டர் வித்யா சாகர் வளாகத்தில் கூடாரம் அமைத்து உறவினர்களைத் தங்கவைத்தார். வேலூர் சி.எம்.சி.யின் மனநல மையம் குடும்பத்தில் ஒருவர் உடனிருக்க வேண்டும் என்பதைத் தன் முறையாகவே வைத்துக்கொண்டது. சென்னையில் டாக்டர் சாரதா மேனன் 1984இல் தொடங்கிய ஸ்கார்ஃப் நிறுவனம், மனச்சிதைவு நோயாளிகளை வேலைக்குப் பழக்குவதையும் வீட்டாருக்கு நோயைப் புரியவைப்பதையும் மருந்துக்கு இணையாக எடுத்துச் சென்றது. பிற்காலத்தில் ஏர்வாடி தர்காவிலேயே “தவா – துவா” (மருந்து – பிரார்த்தனை) என்ற பெயரில், பிரார்த்தனைக்கு வருவோருக்கு அங்கேயே மனநல மருத்துவரும் மருந்தும் கிடைக்கச் செய்யும் திட்டம் வந்தது. குஜராத்தின் மீரா தாதார் தர்காவில் முன்பே நடைமுறையில் இருந்த ஏற்பாடு அது. மருந்தும் வேண்டுதலும் கைகோர்த்துச் செல்லலாம் என்று 2001க்கு முன்பே யாராவது தீர்மானித்திருந்தால் அந்தக் கொட்டகையில் இருந்தவர்களில் பலர் மாத்திரை போட்டுக்கொண்டு இரவில் அமைதியாகத் தூங்கியிருப்பார்கள். பூட்டுக்கே தேவை வந்திருக்காது.

கட்டுபவரின் இரவு

மாவட்ட மனநலத் திட்டத்தின் முகாம்களுக்கு உதவியாளனாகச் சென்று வந்த காலத்தில், தென்மாவட்டக் கிராமம் ஒன்றில் ஒரு தாயைச் சந்தித்தேன். அறுபதை நெருங்கும் வயது, பருத்திக்காட்டு வேலை. இருபத்தாறு வயது மகனுக்கு ஏழாண்டாக நோய். நாங்கள் போனபோது அவன் திண்ணையில் அமைதியாக உட்கார்ந்திருந்தான். இடது கணுக்காலைச் சுற்றி, கொலுசு போடும் இடத்தில், தோல் கறுத்துத் தடித்து மாட்டின் கழுத்துக் காய்ப்புபோல் இருந்தது. நான் அதைப் பார்ப்பதை அந்த அம்மா கவனித்துவிட்டார். உள்ளே போய்த் தகரப் பெட்டியைத் திறந்து, பழைய சேலையில் சுற்றிய சங்கிலியைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார்.

“நாந்தான் தம்பி கட்டுனேன். நாலு நாளா நானும் தூங்கல, அவனும் தூங்கல. கண்ணு சொக்குனா எந்திரிச்சு ஓடிருவான். கிணத்துப் பக்கம் போயிருவானோன்னு பயம். கட்டிப்போட்டுட்டு அன்னைக்குத்தான் ரெண்டு மணி நேரம் படுத்தேன். எந்திரிச்சுப் பாத்தா கால் வீங்கிக் கெடக்கு. அந்தக் கையாலயேதான் சோத்தையும் பெசஞ்சு ஊட்டுனேன்.”

அவரிடம் சட்டப்பிரிவைச் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. சங்கிலி தவறு என்பது அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். சேலையில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்திருந்ததே அதற்குச் சாட்சி. நான் கேட்டது ஒன்றுதான்: அந்த நாலு இரவில் உங்களுக்கு மாற்றாக உட்கார யாராவது வந்தார்களா? மூத்த மகன் அடுத்த தெருவில் இருக்கிறான், மருமகள் பயப்படுகிறாள் என்றார். பக்கத்து வீட்டார் கதவைச் சாத்திக்கொண்டார்கள் என்றார். பூசாரி வந்து காற்றுக் கருப்பு என்று தாயத்துக் கட்டிவிட்டு இரண்டாயிரம் ரூபாய் வாங்கிச் சென்றார் என்றார். ஆரம்பச் சுகாதார நிலையத்தில் செவிலியர் அன்பாகப் பேசினார், ஆனால் மருந்து மாவட்டத் தலைமை மருத்துவமனையில்தான் இருக்கிறது என்றார். அந்த அறுபது வயதுப் பெண்ணின் நாலு இரவில், ஒரே ஒரு இரவை யாராவது வாங்கிக்கொண்டிருந்தால் அந்தச் சங்கிலி பெட்டிக்குள் வந்திருக்காது.

மனநோய் என்றாலே வன்முறை என்ற எண்ணம்தான் பக்கத்து வீட்டுக் கதவைச் சாத்தவைக்கிறது. உண்மையில் மனநோயோடு வாழ்பவர்களில் மிகப் பெரும்பாலோர் யாரையும் தாக்குவதில்லை. அடியும் ஏமாற்றும் வன்கொடுமையும் அவர்கள் மேல்தான் அதிகம் விழுகின்றன. மனச்சிதைவு பெரும்பாலும் பதின்பருவத்தின் இறுதியிலிருந்து முப்பது வயதுக்குள் தொடங்குகிறது. அதாவது, படிப்பு முடிந்து வேலை, திருமணம் என்று வாழ்க்கை திறக்கும் வாசலில். சிகிச்சை எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறதோ அவ்வளவு நல்லது. ஆனால் 2015–16இல் நிம்ஹான்ஸ் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநல ஆய்வின்படி, மனநலச் சிகிச்சை தேவைப்படுவோரில் அது கிடைக்காதவர்களின் விகிதம், நோயின் வகையைப் பொறுத்து, 70 முதல் 92 சதவீதம். மனநல மருத்துவர்களின் எண்ணிக்கையோ ஒரு லட்சம் மக்களுக்கு ஒருவர்கூட இல்லை என்ற அளவில் இருக்கிறது. இப்படிப்பட்ட நாட்டில், பொறுப்பைக் குடும்பத்தின் தலையில் மட்டும் வைப்பது என்பது அந்த வீட்டிலிருக்கும் ஒரு பெண்ணின் தலையில் வைப்பதுதான். தாய், மனைவி, கல்யாணமாகாத அக்கா, இவர்களில் ஒருவர். “எனக்கப்புறம் இவனை யார் பாப்பா?” என்று கேட்காத தாயை அந்த முகாம்களில் நான் பார்த்ததில்லை.

சட்டம் சொல்வதும் அதற்கு அப்பாலும்

2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்தது. அதன் 95ஆம் பிரிவு, மனநோய் உள்ள எவரையும் எந்த வகையிலும் எந்த வடிவிலும் சங்கிலியால் கட்டக்கூடாது என்று தடை செய்கிறது. உடனடி ஆபத்தைத் தடுக்க வேறு வழியே இல்லாதபோது, மனநல மருத்துவரின் அனுமதியோடு, குறுகிய நேரத்துக்கு மட்டுமே உடலைக் கட்டுப்படுத்தலாம் என்கிறது 97ஆம் பிரிவு. அரசின் செலவில் இயங்கும் மனநலச் சேவையைப் பெறுவது 18ஆம் பிரிவின்படி உரிமை. சமூகத்தின் நடுவே வாழ்வது 19ஆம் பிரிவின்படி உரிமை. குடும்பம் ஏற்கவில்லை என்பதாலோ வீடு இல்லை என்பதாலோ ஒருவரை மருத்துவமனையிலேயே வைத்திருக்கக் கூடாது என்றும் அது சொல்கிறது. தெருவில் திரியும் மனநோயாளியைக் காவல்துறை பாதுகாப்பில் எடுத்து, 24 மணி நேரத்துக்குள் அருகிலுள்ள அரசு மருத்துவ நிலையத்துக்குக் கொண்டு செல்ல வேண்டும் என்கிறது 100ஆம் பிரிவு. இந்த 100ஆம் பிரிவைப் பொதுமக்கள் அறிந்திருப்பது நல்லது. பேருந்து நிலையத்தில் காணும் அந்த மனிதருக்காக நாம் காவல் நிலையத்தை அழைப்பது அவரைக் காட்டிக் கொடுப்பதாகாது. அவருக்கு உரிய சேவையை அவர் சார்பில் கேட்பதாகும். வீட்டில் இருப்பவர்களுக்கு அரசின் தொலைபேசி மனநல ஆலோசனைச் சேவையான டெலி-மானஸின் 14416 என்ற எண் 2022 அக்டோபர் முதல் இருக்கிறது, தமிழிலேயே பேசலாம்.

இத்தனைக்குப் பிறகும் சங்கிலி போய்விடவில்லை. 2019 ஜனவரியில், உத்தரப் பிரதேசத்தின் பதாயூன் மாவட்டத்தில் வழிபாட்டுத்தலத்தை ஒட்டிய காப்பகத்தில் மனநோயாளிகள் கட்டிவைக்கப்பட்டிருப்பது உச்ச நீதிமன்றத்தின் முன் வந்தது. ஏர்வாடிக்குப் பதினேழு ஆண்டுகள் கழித்து அதே நீதிமன்றம் அதையே மீண்டும் கண்டிக்க வேண்டியிருந்தது. மறுபுறம், குணமடைந்தும் கூட்டிச்செல்ல ஆளில்லாமல் மருத்துவமனைகளில் ஆண்டுக்கணக்கில் கிடப்போரைப் பற்றிய வழக்கும் நடந்தது. பூட்டுப் போடப்படாத கதவுக்குப் பின்னால், போக இடமில்லாததால் மட்டும் உட்கார்ந்திருப்பவர்கள் அவர்கள். சென்னையில் 1993இல் தொடங்கிய பான்யன் அமைப்பு, இப்படிப்பட்ட நாலைந்து பேரைச் சேர்த்து சாதாரணத் தெருவில் ஒரு சாதாரண வாடகை வீட்டில், உதவியாளர் ஒருவரோடு குடியமர்த்தும் முறையைக் கொண்டுவந்தது. அந்த முறையில் மிகக் கடினமான பகுதி மருந்தோ சமையலோ அல்ல என்று நினைக்கிறேன். வீடு தர ஒரு வீட்டுக்காரர் சம்மதிப்பதும், அடுத்த வீட்டார் கோலம் போடும்போது தலையசைத்துச் சிரிப்பதும்தான்.

அரசு, சட்டம், மருத்துவமனை ஆகியவற்றின் பங்கைக் குறைத்துச் சொல்லி, கருணையை மட்டும் பேசுவது எனக்கு உடன்பாடில்லை. மனநோய்க்கான மாதாந்திர ஊசி வட்டார மருத்துவமனையிலேயே கிடைக்க வேண்டும். மாத்திரை இருப்பு இல்லை என்று திருப்பி அனுப்பப்படும் ஒவ்வொரு நாளும் யாரோ ஒருவர் மீண்டும் நோய்க்குள் விழும் நாள். ஆனால் ஊசி இருந்தும் கூட்டிச் செல்ல ஆள் இல்லையென்றால் அதுவும் குளிர்பெட்டியில்தான் இருக்கும். அரசு செய்ய வேண்டியதை அரசிடம் விடாமல் கேட்பதும், தெரு செய்ய வேண்டியதைத் தெரு செய்வதும் ஒன்றுக்கொன்று மாற்றில்லை.

அந்தத் தாயின் வீட்டுக்கு அடுத்த ஆண்டு மீண்டும் போனேன். மகனுக்கு மாதம் ஒரு ஊசியும் இரவு இரண்டு மாத்திரையும் தொடர்ந்து கொடுக்கப்பட்டு வந்தன. மாத்திரை உறையில் மருந்தாளுநர் பேனாவால் ஒரு பிறைநிலா வரைந்திருந்தார், எழுதப் படிக்கத் தெரியாத அம்மாவுக்கு இரவு என்று புரிவதற்காக. அவன் காலையில் தெருமுனை டீக்கடையில் தண்ணீர் எடுத்துக் கொடுத்து நாளுக்கு ஐம்பது ரூபாய் வாங்கினான். மகளின் பிரசவத்துக்காக அம்மா பத்து நாள் மதுரைக்குப் போய்விட்டு முந்தின நாள்தான் திரும்பியிருந்தார். அந்தப் பத்து இரவும் மாத்திரை கொடுத்தது யார் என்று கேட்டேன். அவர் சுவரில் மாட்டியிருந்த நாட்காட்டியைக் காட்டினார். மூத்த மகன் நான்கு நாள் வந்து நீலப் பேனாவில் குறி போட்டிருந்தார். டீக்கடைக்காரர் மூன்று நாள், சிவப்பில். மீதி மூன்று கட்டங்களில் பென்சிலால் சின்னதாக ஒரு பூ வரைந்திருந்தது. அது யார் என்றேன். முன்பு கதவைச் சாத்திக்கொண்ட பக்கத்து வீட்டில் ஏழாம் வகுப்புப் படிக்கும் பெண், அவளுடைய அம்மாவோடு வந்து கொடுத்துவிட்டுப் போனாளாம்.